மாதிரி ரயில் தளத்தில் ஆறு, குளம், கடல், அருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் ஓட்டுபவர்கள் தண்டவாளம் பதிக்கும்வரை யாரையும் எதையும் கேட்பதில்லை. பாலம் ஒன்றை வைத்துவிட்டு, அதற்குக் கீழே என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான் தொலைபேசி அடிக்கிறது. திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் எச்.ஓ அளவுக்கு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்குக்குப் பொருந்தும்.

நிஜத் தண்ணீரையே ஊற்றிவிட்டால் என்ன?

ஊற்றலாம், ஏமாறலாம். லேஅவுட்டில், அதாவது மாதிரி ரயில் தளத்தில் உள்ள எல்லாவற்றையும் சிறிதாக்க முடியும். தண்ணீரின் பரப்பு இழுவிசையைச் சிறிதாக்க முடியாது. ஒரு சொட்டு 4 மில்லிமீட்டர் என்றால், அந்த உலகத்தில் அது 35 சென்டிமீட்டர் உருண்டை. கரையோரத்தில் நீர் வளைந்து ஏறி நிற்பதும் கண்ணுக்கு உடனே தட்டுப்படும். அலையும் சரியாக வராது, தட்டினால் கிண்ணத்து நீர் போலத்தான் ஆடும்.

அழகை விடுங்கள். பிளைவுட் ஊதும், தண்டவாளத்தில் துரு ஏறும், பக்கத்திலேயே மின்சாரக் கம்பி ஓடுகிறது. நம் ஊரில் ஒரு வாரம் தேங்கிய தண்ணீரில் கொசு வளரும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதை ஊற்றுவது? கடையில் "ரெசின்" என்று கேட்டால் போதுமா?

போதாது. ரெசின் என்பது திரவமாக ஊற்றி இறுகவிடும் செயற்கைப் பிசின், அதில் பல வகை உண்டு. ஃபைபர் கிளாஸ் வேலைக்கான பொருள் விற்கும் கடையில் வெறுமனே ரெசின் என்று கேட்டால் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் நெடி வீட்டைவிட்டுப் போக நாளாகும், தெர்மகோலைக் கரைத்தும்விடும். அதை இறுகவைக்க உடன் தரும் கோபால்ட் திரவத்தையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். வீட்டுக்குள் அது வேண்டாம்.

நமக்குத் தேவை கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும் தெளிந்த எபாக்சி ரெசின். இரண்டு புட்டிகளாக வரும்: ஒன்று ரெசின், மற்றது அதை இறுகவைக்கும் ஹார்டனர். ஒட்டுவதற்காக விற்கும் அரால்டைட் கெட்டியானது, மஞ்சள் சாயல் கொண்டது. உடைந்த பொம்மைக்கு நல்லது, ஆற்றுக்கு உதவாது.

ரெசின் இல்லாமலும் தண்ணீர் செய்ய முடியும். அடித்தளத்துக்கு நன்றாக வண்ணம் தீட்டி, அதன்மேல் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை நான்கைந்து பூச்சாகப் பூசினாலே சிறு வாய்க்கால், குட்டை, கலங்கிய ஆறு எல்லாம் வந்துவிடும். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். செலவு குறைவு, பிடிக்காவிட்டால் மேலேயே மறுபடி வண்ணம் தீட்டிக்கொள்ளலாம்.

ஃபெவிகால் வீட்டிலேயே இருக்கிறதே, அது காய்ந்தால் கண்ணாடிபோல் ஆகிவிடாதா?

மெல்லிய பூச்சு ஆகும். தடிமனாக ஊற்றினால் மேலே தோல் கட்டி உள்ளே வெள்ளையாகவே நின்றுவிடும். காய்ந்த பிறகும் மழைக்காலத்து ஈரத்தில் மங்கும். மணலையும் கூழாங்கல்லையும் ஒட்டவும் அடித்தளத்தை அடைக்கவும் அது அருமையான பொருள். அந்த வேலையோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடியில் நீல வண்ணம்தானே அடிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். தண்ணீரை நீலமாகக் காட்டுவது பெரும்பாலும் வானத்தின் பிரதிபலிப்பு. தாழ்வாக நின்று தூரத்து நீரைப் பார்த்தால் வானம் தெரியும். பாலத்தின் மேல் நின்று நேர்க்கீழே பார்த்தால் அடிமண்ணும் நீரில் கலந்த வண்டலும் தெரியும். லேஅவுட்டை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம். ஆகவே அங்கே நீலம் பொய். மேலே ஊற்றும் ரெசின் தன் பங்குக்கு அறையின் வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும். வானத்தை அது பார்த்துக்கொள்ளும்.

கண்மாய்க்கு மண்பழுப்பில் கொஞ்சம் பச்சை கலந்த நிறம். பாசி பிடித்த கோயில் குளத்துக்கு அடர்ந்த பச்சை. மலை ஓடைக்குக் கல்லின் நிறமும் ஆழமான மடுவில் கரும்பச்சையும். கரையில் தொடங்கும்போது கரைமண்ணின் நிறத்தையே எடுத்துக்கொண்டு, உள்ளே போகப் போக இருட்டாக்குங்கள். இரண்டு நிறம் சேரும் கோட்டை வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் இழுத்துக் கலைத்துவிட வேண்டும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் மேலே எவ்வளவு விலையுயர்ந்த ரெசினை ஊற்றினாலும் அது பாத்திரத்தின் அடிபோலத்தான் இருக்கும்.

ஆழம் காட்ட எவ்வளவு பள்ளம் வெட்ட வேண்டும்?

இரண்டு மீட்டர் ஆழக் குளத்தை அளவுப்படி செய்தால் 23 மில்லிமீட்டர் வேண்டும். அவ்வளவு ரெசின் ஊற்றுவது பணத்துக்கும் கேடு, வேலைக்கும் ஆபத்து (ஏன் என்பது ஊற்றும் முறையில் வருகிறது). முந்தைய விடையில் சொன்ன வண்ணமே ஆழத்தின் பெரும்பகுதியைச் செய்துவிடும். ஐந்தாறு மில்லிமீட்டர் பள்ளம் போதும். படித்துறை, மூழ்கிய பாறை என்று நீருக்குள் ஏதாவது தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் பத்துவரை போகலாம்.

எங்கள் ஊர் ஆற்றில் வருடத்தில் பத்து மாதம் தண்ணீரே கிடையாது. மணலைக் கொட்டினால் ஆறாகிவிடுமா?

பாலாறு, வைகை போன்ற ஆறுகளைச் செய்ய நினைப்பவர்கள் கேட்பது இது. வறண்ட ஆறுதான் தமிழ்நாட்டு லேஅவுட்டுக்கு மிக இயல்பான ஆறு. அதைச் செய்பவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. வெறும் மணல் கொட்டினால் அது கட்டட வேலை நடக்கும் இடம். ஆறாக்குவது அதில் இருக்கும் தடங்கள்: ஒரு கரையை ஒட்டி வளைந்து ஓடும் ஒற்றை நீர்க்கால், நடுவில் மேடிட்ட திட்டில் நாணலும் சீமைக் கருவேலமும், மாட்டுவண்டித் தடம், மணல் அள்ளிய குழியில் தேங்கிய பச்சை நீர்.

பாலத்தூண்களின் அடியைக் கவனியுங்கள். வெள்ளம் தூணில் மோதிச் சுழன்று அங்கே மண்ணைப் பறித்துக் குழியாக்கியிருக்கும். ஆறு வற்றிய பிறகும் தூணைச் சுற்றி மட்டும் நீர் நிற்கும். ஒவ்வொரு தூணைச் சுற்றியும் விரலால் அழுத்திய அளவுக்கு ஒரு பள்ளம், அதில் ஒரு சொட்டு ரெசின், விளிம்பில் ஈரமண்ணின் கருமை. தூணில் அபாய நீர்மட்டத்தைக் காட்டும் சிவப்புப் பட்டையை ஒரு மில்லிமீட்டருக்குள் வரையுங்கள். தண்ணீரே இல்லாத ஆற்றில் வெள்ளம் வந்துபோன கதை தெரியும்.

மணலின் அளவும் முக்கியம். அரை மில்லிமீட்டர் மணல்துகள் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக் கல். எம்-சாண்டைத் துணியில் சலித்துக் கிடைக்கும் தூளோ, டைல்ஸ் இடுக்கில் பூசும் கிரவுட் தூளோதான் மணலாகத் தெரியும்.

கடற்கரை மணல் ஒரு பை வைத்திருக்கிறேன். அது நன்றாகத்தானே இருக்கும்?

இரண்டு சோதனைக்குப் பிறகு. முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் ஈரம் இழுத்துப் பூச்சைக் கெடுக்கும். அடுத்து, காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மணலுக்குள் கிளறுங்கள். நம் கடற்கரைகளில், குறிப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்தில், கனிமங்கள் கலந்த கருமணல் உண்டு. அதில் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இருந்தால் ரயில் எஞ்சினின் மோட்டார் அவற்றைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஆற்று மணலுக்கும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

ரெசினை எப்படிக் கலந்து ஊற்றுவது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் அடித்தளம். மணல், மரம், பிளாஸ்டர் எல்லாம் காற்றை உள்ளே வைத்திருக்கும். நீர் கலந்த ஃபெவிகாலோ அக்ரிலிக் வார்னிஷோ இரண்டு பூச்சு கொடுத்து முழுக்கக் காயவிடுங்கள். ஆறு மேசை விளிம்பில் முடிந்தால் அங்கே பிளாஸ்டிக் தகடு வைத்து, உட்புற இடுக்கை அடையுங்கள். ரெசின் ஊசித்துளையையும் விடாது. இரவு முழுக்கச் சொட்டி, காலையில் தரையில் ஒரு குளம் இருக்கும். மேசைமேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரெசின் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும், உங்கள் மேசையின் சாய்வை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

கலவை விகிதம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று பல உண்டு. அது எடைக்கணக்கா கொள்ளளவுக்கணக்கா என்பதையும் புட்டியில் படியுங்கள். மூன்று நான்கு நிமிடம் மெதுவாக, கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி இன்னொரு நிமிடம். கையுறை அவசியம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். எபாக்சி தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கமே போக முடியாது.

ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ரெசின் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். தடிமனாக ஊற்றினால் அந்த வெப்பம் தேங்கி, மஞ்சளாகும், விரியும், கீழே தெர்மகோல் இருந்தால் அதை உருக்கும். ஒரு அடுக்கு இறுகிய பிறகு அடுத்தது. சித்திரை வெயிலில் கலவை கிண்ணத்திலேயே இறுகத் தொடங்கும் என்பதால் விடியற்காலையில் ஊற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மேலே ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். தூசிக்காக மட்டும் சொல்லவில்லை, பல்லிகளுக்கு ஈரமான ரெசின்மேல் தனிப் பிரியம்.

குமிழிகள் நிற்கவே மாட்டேன் என்கின்றன.

வேகமாகக் கலக்கினால் வரும் குமிழி முதல் அரை மணி நேரத்தில் மேலே வந்துவிடும். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, குறைந்த காற்றில் ஒரு முறை ஓட்டினால் உடையும். ஒரே இடத்திலிருந்து சரம்சரமாக வருகிறது என்றால் அது கலவையின் குற்றம் அல்ல. அடித்தளத்தை அடைக்காததன் விளைவு. முந்தைய விடையின் முதல் பத்தி.

ரெசின் கரையில் புல்மேல் ஏறி நனைந்ததுபோல் ஆகிவிட்டது.

இடுக்கு கிடைத்தால் ரெசின் மேலேறும். ஓரிரு மில்லிமீட்டர் ஏறினால் விட்டுவிடலாம். நிஜக் கரையிலும் ஒரு சாண் ஈரம் உண்டு. அதற்கு மேல் போனால் பளபளப்பில்லாத மேட் வார்னிஷைச் சிறு தூரிகையால் தொட்டு வையுங்கள். அடுத்தமுறை கரைப்புல்லை ரெசின் இறுகிய பின் நடுங்கள்.

மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது. இனி காயுமா?

எங்கே பிசுபிசுக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலே மட்டும் எண்ணெய்போல் வழுக்கினால், ஈரக்காற்றில் ஹார்டனர் மேற்பரப்பில் படிந்திருக்கிறது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது சாதாரணம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். நகத்தால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் விகிதம் தவறிவிட்டது அல்லது கிண்ணத்து ஓரத்தில் கலக்காமல் நின்றதும் சேர்ந்து விழுந்துவிட்டது. காத்திருந்து பயனில்லை. குழைவான பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியாகக் கலந்த மெல்லிய அடுக்கை ஊற்றுங்கள்.

காய்ந்ததும் கண்ணாடித் தகடு மாதிரி இருக்கிறது. ஆறு மாதிரி இல்லையே?

ஏனென்றால் இன்னும் பாதி வேலை இருக்கிறது. காற்றே இல்லாத நாளில் குளம் அப்படித்தான் இருக்கும். ஆறும் கடலும் இருக்காது. ஓவியர்கள் பயன்படுத்தும் பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லை மேலே பூசித் தூரிகை நுனியால் குத்திக் குத்தி எடுத்தால் சிற்றலை வரும். ஜெல் வெள்ளையாக இருக்கும், காய்ந்தால் தெளியும். அலையின் உயரத்தில் கட்டுப்பாடு வேண்டும்: ஒரு மீட்டர் அலையே 11 மில்லிமீட்டர்தான். ஆற்றுக்கு அரை மில்லிமீட்டர் தாராளம்.

ஆற்றில் சிற்றலை ஓட்டத்தின் போக்கை ஒட்டி வர வேண்டும். பாலத்தூணின் மேற்புறத்தில் நீர் சற்றே முட்டி உயர்ந்து நிற்கும், கீழ்ப்புறத்தில் இரண்டு கோடுகளாகப் பிரிந்து நடுவில் அமைதியான நாக்கு ஒன்று நீளும். இது சரியாக இருந்தால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆறு சரிவில் இறங்க வேண்டும். ரெசின் எல்லாம் கீழே போய்விடுகிறதே?

போகத்தான் செய்யும். சிறு தடுப்பணை, பாறைப் படி என்று வைத்து ஆற்றைச் சமதளத் துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். சரிவான பகுதிக்கு ரெசினை மறந்துவிட்டு ஜெல்லை மட்டும் பயன்படுத்துங்கள்.

அருவி செய்ய ஆசை. தூத்சாகர் மாதிரி ரயில் முன்னால் போக வேண்டும்.

கோவா, கர்நாடக எல்லையில் நான்கு அடுக்காக விழும் தூத்சாகர் 310 மீட்டர் உயரம். எச்.ஓ அளவில் மூன்றரை மீட்டர், அதைவிடச் சிறிய 'என்' (N) அளவில், அதாவது 160-ல் ஒரு பங்கில்கூட இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வீட்டுக்கூரை இடிக்கும். பாலத்துக்கு மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு என்று சுருக்கினாலே பார்ப்பவர் பெயரைச் சொல்லிவிடுவார்.

நீருக்குத் தலையணைப் பாலியஸ்டர் பஞ்சை வெகு மெல்லியதாக இழுத்து, ஜெல்லில் நனைத்து, பாலிதீன் தாள்மேல் மேலிருந்து கீழாகக் குச்சியால் கோதுங்கள். காய்ந்ததும் உரித்துப் பாறையில் ஒட்டி, உலர்ந்த தூரிகையில் வெள்ளை தொட்டு விளிம்புகளை மட்டும் தடவுங்கள். பலர் சிலிக்கான் சீலன்டில் செய்வார்கள். வடிவம் நன்றாக வரும், ஆனால் காய்ந்த சிலிக்கான்மேல் வண்ணம் ஒட்டாது. வினிகர் நெடி வரும் வகை உலோகத்தை அரிக்கும் என்பதால் தண்டவாளத்தின் அருகில் கூடாது. அருவி விழும் இடத்தில் நீர் வெள்ளையாகக் கொதிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மேலே தொங்குவது துணிதான்.

பாம்பன் பாலத்தைச் செய்ய முடியுமா? கடல் எப்படி?

1914-ல் திறந்த பழைய பாலம் 145 கண்களோடு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அளவுப்படி செய்தால் ஏறக்குறைய 24 மீட்டர் நீள அறை தேவை. ஆனால் தூக்குப்பாலத்தையும் இரு பக்கமும் ஐந்தைந்து கண்களையும் செய்தால் இரண்டரை மீட்டருக்குள் அடக்கிவிடலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக உயரும்; பழையதில் இரண்டு இதழ்கள் இருபுறமும் மல்லாந்து திறந்தன. எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் தவறில்லை.

நிறத்தைப் பற்றி மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. அங்கே கடல் ஆழமில்லாதது, வெளிர்மணலும் பாறைத் திட்டுகளும் அடியில் தெரியும். நீலப்பச்சை தாராளமாக வரலாம், பாறைகளுக்குமேல் பழுப்புத் திட்டுகளோடு. படகு வைத்தால் அதன் பின்னால் விரியும் அலைக்கோடுகளுக்கு இடையே 39 பாகைக் கோணம் இருக்கட்டும். ஆழ்நீரில் படகின் வேகம் மாறினாலும் இந்தக் கோணம் பெரும்பாலும் மாறாது. கட்டிவைத்த படகுக்குப் பின்னால் அலை வரைந்தவர்களும் உண்டு.

வெள்ளம் ஓடும் ஆற்றுக்கு ரெசினில் வண்ணம் கலக்கலாமா?

கலக்கலாம், ஓரிரு சொட்டு. அதிகமானால் இறுகாது. ஆனால் புதுவெள்ளத்துக்குள் எதுவும் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். பால்விட்ட தேநீர் நிறத்தைத் தீட்டி, ஜெல்லால் சுழிகள் செய்து, மேலே வார்னிஷ். ரெசினே தேவையில்லை. தூணில் சிக்கிய வாழைமரமும் குப்பையும் மறக்க வேண்டாம்.

நாற்று நட்ட வயலுக்கும் இதே முறைதானா?

இதேதான், இன்னும் எளிது. சேற்று நிறம், ஒரு மில்லிமீட்டர் ரெசின், அது பாதி இறுகும்போது தூரிகை மயிரைக் கத்தரித்து வரிசையாக நடுங்கள். வரப்பு வளைந்திருக்கட்டும்.

எருமை, தாமரை, ஆகாயத்தாமரை எல்லாம் எப்போது வைப்பது?

எருமையை நீர்மட்டத்தோடு அறுத்து, இறுகிய பரப்பின்மேல் ஒட்டுங்கள். உள்ளே மூழ்கவைப்பது வீண் வேலை, கலங்கிய நீரில் கால் தெரியப்போவதில்லை. தாமரை இலையைக் காகிதத்தில் துளையிட்டு எடுத்து அப்படியே பரப்பில் படியவைக்கலாம். ஆகாயத்தாமரை பச்சைத் தூளாகத் தூவினால் போதும். காற்று தள்ளிய பக்கமாக ஒரு மூலையில் அடர்த்தியாக ஒதுங்கியிருக்க வேண்டும், நடுவில் ஆங்காங்கே அல்ல.

ஒரு வருடத்தில் மஞ்சளாகித் தூசியும் ஏறிவிட்டது. எப்படிப் பராமரிப்பது?

மஞ்சள் ஜன்னல் வெயிலின் வேலை; திரை போடுங்கள். கண்மாயில் அந்த மஞ்சள் ஒரு குறையே அல்ல, கடலில்தான் உறுத்தும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கீறல் விழுந்தால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. ஜெல்லால் செய்த அலைகளின்மேல் பாலிதீனைப் போட்டு மூடாதீர்கள். கோடையில் ஜெல் இளகி அதோடு ஒட்டிக்கொள்ளும்.

நேரில் அழகாக இருக்கிறது, போட்டோவில் மட்டும் பிளாஸ்டிக்காகத் தெரிகிறது. ஏன்?

உங்கள் குளத்தில் டியூப்லைட் மிதக்கிறது. அதை அணைத்துவிட்டு, ஒரு பக்கமாக வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கை வையுங்கள். கேமராவைக் கரையில் நிற்கும் பொம்மையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். நிறம் பற்றிய விடையில் சொன்னதுபோல் தாழ்ந்த கோணத்தில் நீர் வானத்தைக் காட்டும். ஆகவே பின்னால் வானம் தீட்டிய பலகையோ, வெளிர்நீல அட்டையோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ஆற்றில் அலமாரியும் சுவர்க் கடிகாரமும் தெரியும்.